திருப்பி வைக்கிற கண்

அச்சு மேசைக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு,

முதல்லயே மன்னிச்சுக்குங்க. நான் அஞ்சாவதோட நின்னவ. கோர்வையா எழுத வராது. நாலாவது வரிக்கு வர்றதுக்குள்ள முதல் வரியில என்ன சொன்னேன்னு மறந்துபோயிடும். நேர்ல சொல்லலாம்னா நாலு பேர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். போன வாரம் உங்க முன்னாடி உக்கார வச்சுப் பேசச் சொன்னாங்க. டீ டம்ளரைக் கழுவிட்டு வரேன்னு எழுந்து போனவ, அப்படியே பஸ் ஏறிட்டேன். அதனாலதான் இது.

தாளை எவ்வளவு நனைக்கணும், சாயத்தை எவ்வளவு பூசணும், எந்தப் பக்கத்துல இருந்து தேய்க்கணும், இதெல்லாம் மேசையில நிக்கிறவங்க சொல்லித் தருவாங்க. கை நாலு மாசத்துல பழகிடும். என்ன செய்யிறதுன்னு தெரியாம நிக்கிற நேரம் ஒண்ணு வரும். அதைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

பூலாம்பாடிப் பக்கத்துல இருக்கிற நம்ம பட்டறையில முன்னெல்லாம் சாமி சிலையும் தேர்ச் சிற்பமும்தான். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. தலைமை ஆசாரியை நான் அண்ணேன்னு கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சின்னு கூப்பிடுவார். கோவக்காரர். ஆனா உளி பிடிச்சா குரலே வெளியில வராது.

ஒருநாள் அரியலூர்ல இருந்து ஒரு சார் வந்தார். சிமெண்ட் ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மிஷின் பூட்ட வந்த ஜப்பான்காரர் ஒருத்தர் அவருக்கு ரொம்ப சிநேகிதமாம். அவர் குடுத்த படம் ஒண்ணு சார் வூட்டுச் சுவத்துல மாட்டியிருந்திருக்கு. கரையான் ஏறிப் பாதிப் படத்தைத் தின்னுடுச்சு. மிச்சத்தையும், எப்பவோ எடுத்து வச்ச போட்டோவையும் எடுத்துக்கிட்டு வந்திருந்தார்.

அது கபுகிங்கிற நாடகத்துல ஒரு காட்சி. நம்ம கூத்து மாதிரி அவங்களுக்கு அது. முகம் பூரா வெள்ளை, அது மேல செவப்புல கோடு கோடா வேஷம். சட்டைக் கை கதவு அகலத்துக்கு விரிஞ்சு நிக்குது. காலை ஊன்றி, கையை ஓங்கி, முறைச்சுக்கிட்டு நிக்கிறான். இது வரைஞ்ச படம் இல்லம்மா, மரப்பலகையில வெட்டி, சாயம் பூசி, தாளை வச்சுத் தேய்ச்சு எடுத்ததுன்னு சார் சொன்னார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. எல்லாக் கோடும் இருக்கிறது ஒரு பலகை, நாம இப்ப வரிக்கட்டைன்னு சொல்றோமே, அது.

"அந்தச் சிநேகிதர் எங்க ஊருக்கு வரப் போறார். படத்தைக் கரையான் தின்னுடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லத்தான் போறேன். ஆனா வெறுங்கையோட சொல்ல முடியல. எங்க ஊர் ஆளுங்க திரும்ப வெட்டினாங்கன்னு இன்னொண்ணைக் கையில குடுத்துட்டுச் சொல்லணும்"னார் சார்.

ஆசாரி போட்டோவை வெயில்ல தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தார். "முடி ஒவ்வொண்ணும் வெட்டியிருக்கான் பாரு. கை இல்ல அது"ன்னார். ஒத்துக்கிட்டார்.

வாகை மரத்துல வெட்டினா கோடு பிஞ்சு பிஞ்சு வந்துச்சு. அப்புறம் வெட்பாலை மரத்துல வெட்டினார். அது நின்னுச்சு. தேய்க்கிறதுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. உப்புத்தாள் போட்டு போட்டு எனக்கு ஒரே சீரா அழுத்துற கை வந்திருந்துச்சு, அதனால. செல்போன்ல வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினோம். கெட்டது போக நல்லது வர நாளாச்சு.

இப்ப நடந்ததுக்கு வரேன்.

நம்ம ஊர்ல சிலை செய்யிறவங்க கண்ணைக் கடைசியிலதான் திறப்பாங்க. நல்ல நாள் பார்த்து, ஆளுங்களை வெளியில போகச் சொல்லிட்டு. ஆசாரி இந்தப் படத்துக்கும் அப்படியே செஞ்சார். எல்லாக் கோட்டையும் வெட்டிட்டுக் கண்ணு ரெண்டையும் வெட்டாம மேடா விட்டிருந்தார். அச்சுக் கட்டையில வெட்டாம விட்ட இடம் கறுப்பாத்தானே விழும்? முதல் தாளை எடுத்தா அந்த நாடகக்காரன் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நிக்கிறான். பட்டறையில உளி பிடிக்கிற பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

"எவன்டா சிரிக்கிறது? வெள்ளிக்கிழமை கண்ணு தொறந்ததும் ஒங்களத்தான் மொதல்ல பாப்பான்" அப்படின்னார் ஆசாரி.

வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா உக்காந்து வெட்டினார். நான் சாயம் பூசித் தாளை வச்சு எடுத்தேன். கோடெல்லாம் அருமையா விழுந்திருந்துச்சு. ஆனா படத்தைப் பார்த்தா கோவமே இல்ல. கை ஓங்கியிருக்கு, பல்லைக் கடிச்சிருக்கான், ஆனா ஸ்டுடியோவுல போட்டோ எடுக்க நிக்கிற மாப்பிள்ளை மாதிரி சாதுவா இருக்கான். போட்டோவைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது. ஜப்பான் படத்துல ஒரு கண்ணு நேரா பார்க்குது, இன்னொரு கண்ணோட கருமணி மூக்குப் பக்கமா ஒதுங்கி நிக்குது. நம்ம படத்துல ரெண்டும் நேரா பார்க்குது.

எனக்கு எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்ல வராது. நம்ம தாளையும் அந்தப் போட்டோவையும் அவர் மேசையில பக்கம் பக்கமா வச்சுட்டு டீ வாங்கப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப அவர் தாளைப் பார்க்கவே இல்ல, வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தார்.

"தெரியாம செய்யல தங்கச்சி. தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"எதுக்குண்ணே?"

"அவன் மாறுகண்ணு வச்சிருக்கான். நான் திருத்திட்டேன். கண்ணு கோணலா ஒரு சிலை செஞ்சா செஞ்சவன் குடும்பத்துக்கு ஆகாது. எங்கப்பா எனக்கு மொதல்ல சொன்னதே அதான்." அப்புறம் குரலைத் தணிச்சுச் சொன்னார். "வூட்டுல செல்வி இருக்கா."

செல்வி அவர் ஒரே மக. குன்னத்துல கட்டிக் குடுத்திருந்தார். முதல் பிள்ளை வயித்துலயே தங்காம போயிடுச்சு. அதுக்கப்புறம் ரொம்ப நாள் கழிச்சு உண்டாகி, வளைகாப்பு முடிஞ்சு, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தா. வீடு பட்டறைக்கு அடுத்த வாசல்தான். மாசம் நிறைஞ்சிருந்துச்சு.

டீயைக் கையில குடுத்தேன்.

மறுநாள் சார் வந்தார். படத்தைக் கையில வாங்கினதும் முகம் மலர்ந்துச்சு. அப்புறம் அப்படியே வாடிப் போச்சு.

"நல்லா இருக்குங்க ஆசாரி. ஆனா இது அவன் இல்லீங்களே."

"கோடு ஒண்ணு கொறையாதுங்க. எண்ணிப் பாத்துக்குங்க."

"அந்தக் கண்ணுங்க. நான் அங்க போயிருந்தப்ப சிநேகிதர் நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போனார். கதை உச்சத்துக்கு வந்ததும் ஓரமா ஒருத்தன் ரெண்டு கட்டையை எடுத்துத் தரையில படபடன்னு அடிப்பான். நடிகன் ஒரு சுத்து சுத்தி அப்படியே சிலையா நின்னுடுவான். நின்னு, ஒரு கண்ணை மட்டும் மூக்குப் பக்கம் கொண்டு வருவான். கூட்டம் அந்த ஒரு கண்ணுக்குத்தாங்க காத்துக்கிட்டிருக்கும். அது வந்ததும் பின்னாடியிருந்து அவன் பரம்பரைப் பேரைச் சொல்லிக் கத்துவாங்க."

ஆசாரி தலை நிமிரல. வேற யாரையாவது வெட்டச் சொல்லலாமான்னு சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். பசங்க ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தாங்க. ஒருத்தனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிருந்துச்சு, இன்னொருத்தன் வீட்டுல கைக்குழந்தை. எவனும் உளியைத் தொடல. சிநேகிதர் அந்த வாரமே வரார். புதுசா ஒரு வரிக்கட்டை வெட்ட நேரம் இல்ல.

இந்த நேரம் பார்த்து செல்வி உள்ள வந்துட்டா. அவங்கப்பாவைச் சாப்பிடக் கூப்பிட வந்தவ. ஆசாரி சட்டுன்னு துண்டை எடுத்து ஜப்பான் போட்டோ மேல போட்டார். மாசமா இருக்கிறவ பார்க்கக் கூடாதுன்னு.

"என்னப்பா ஒளிக்கிற?"

"ஒண்ணும் இல்ல. நீ போ, வரேன்."

அவ துண்டை உருவிட்டா. ரெண்டு படத்தையும் பார்த்தா. நேர்க்கண்ணு படத்தைக் காட்டி, "இவரு யாரு, அச்சு அசலா உம் மருமவன் மாதிரி இருக்காரு, சம்பளம் வந்த அன்னைக்கு"ன்னா. மத்ததைக் காட்டி, "இவருக்கு என்னா கோவம்?"

சார் பாவம், விஷயத்தைச் சொல்லிட்டார். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு செல்வி அப்பாவுக்கு எதிர்ல போய் நின்னா. இடுப்புல ஒரு கையை ஊன்றினா, ஒரு கையை ஓங்கினா, ஒரு கண்ணைக் கொண்டு போய் மூக்குக்கிட்ட வச்சு முறைச்சா பாருங்க. பசங்க ரெண்டடி பின்னாடி போயிட்டாங்க.

"ஏய்! ஏய்! செய்யாதடி! வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு..." ஆசாரி எழுந்தே நின்னுட்டார்.

அவ அப்படியே நின்னா. அப்புறம் கண்ணு தானா பழைய இடத்துக்கு வந்துச்சு. மூச்சு வாங்கிச்சு அவளுக்கு, சிரிப்பும் வந்துச்சு.

"பாத்தியா? போச்சு, வந்துருச்சு. அந்த ஆளுக்கு என்ன, கண்ணு கோணலா? வேஷம் போட்டிருக்கான். ஆட்டம் முடிஞ்சு வூட்டுக்குப் போறப்ப நேராத்தான் பாத்துக்கிட்டுப் போயிருப்பான். சாமிக்குத்தான் கண்ணு எப்பவும் ஒரே மாதிரி இருக்கணும். கூத்துக்காரனுக்கு என்ன? சோறு ஆறுது, வா."

ஆசாரி சாப்பிடப் போகல. கட்டையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தார். சார் கிளம்பாம பக்கத்துலயே நின்னார். கொஞ்ச நேரத்துல ஆசாரி, "போச்சு, வந்துருச்சு"ன்னு தனக்குள்ள சொல்லிக்கிட்டார். வெட்பாலைத் துண்டு ஒண்ணை எடுத்து உருட்டிச் செதுக்க ஆரம்பிச்சார்.

அவர் செஞ்சது இதுதான். ஒதுங்கி நிக்க வேண்டிய அந்தக் கருமணியையும் அது பக்கத்துல மூக்கு ஓரத்து வெள்ளையையும் சேர்த்து, கட்டையில வட்டமாத் துளைச்சார். மின்சார டிரில் ஆகாதுன்னு கையாலயே சுத்திச் சுத்தித் துளைச்சார். சுத்தி இருக்கிறதெல்லாம் முடி மாதிரி கோடு. ஒரு இழை வெடிச்சிருந்தாலும் முகமே போயிருக்கும். யாரும் மூச்சு விடல. அந்தத் துளைக்குச் சரியா ஒரு சின்ன முளை செஞ்சு, அது தலையில கருமணியை நடுவுல இல்லாம ஓரமா வெட்டினார். முளையைச் செருகினா கண்ணு நேரா இருக்கும். அரைச் சுத்துத் திருப்பினா கருமணி மூக்குப் பக்கம் போயிடும். திரும்பத் திருப்பினா நேரா வந்துடும்.

என்கிட்ட நீட்டினார். "நான் வெட்டுனது நேர்க்கண்ணு. திருப்புறது ஒம்பாடு தங்கச்சி. வேலை முடிஞ்சதும் நேரா வச்சுடணும். ஒனக்குப் பயமா இருந்தா சொல்லிடு."

"எம் பேரனுக்கே மீசை வந்துருச்சுண்ணே. எங்க வூட்டுல இனிமே பொறக்கிறதுக்கு ஆள் இல்ல"ன்னேன். பசங்க சிரிச்சாங்க. பயம் இல்லாம இல்ல.

திருப்பினேன். சாயம் பூசினேன். தாளை வச்சுத் தேய்ச்சு உரிச்சேன். அதே கோடு, அதே ஓங்கின கை, ஆனா ஆள் மாறிட்டான். தாளை விட்டு இறங்கி வந்துடுவான் போல இருந்துச்சு. சார் பார்த்தார். சத்தம் போட்டே பேசாத மனுஷன், திடீர்னு கழுத்து நரம்பு புடைக்க ஏதோ ஒரு ஜப்பான் பேரைச் சொல்லிக் கத்தினார். கூரையில இருந்த காக்காயெல்லாம் பறந்துச்சு. செல்வி அடுத்த வாசல்ல இருந்து, "என்னப்பா ஆச்சு?"ன்னு கேட்டா.

முளையை நேரா திருப்பி வச்சுட்டு, மத்த நிறத்தையும் ஏத்தி, படத்தை அவர் கையில குடுத்தோம். சிநேகிதர் அதை மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாராம். சார்தான் போன்ல சொன்னார்.

இதோட நிறுத்தினா கதை சுகமா முடிஞ்சிருக்கும். ஆனா நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுக்கு அப்புறம் நடந்தது.

செல்விக்குப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில ஆம்பளப் பிள்ளை. சுகப் பிரசவம். ஆசாரி பட்டறைக்கே முட்டாய் வாங்கிக் குடுத்தார். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலையில வந்தார். சட்டையில்ல, செருப்பில்ல. நேரா அலமாரிக்குப் போய் வரிக்கட்டையை எடுத்தார். பட்டறை முற்றத்துல செத்தையைக் கூட்டிக் கொளுத்தியிருந்தாங்க, அதை நோக்கி நடந்தார்.

நான் மட்டும்தான் இருந்தேன். "என்னண்ணே?"

"புள்ளைக்குக் கண்ணு ஒதுங்குது தங்கச்சி. மடியில போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு கண்ணு மூக்குப் பக்கம் போவுது. அதே மாதிரி. அப்படியே அதே மாதிரி."

திருப்பினது நான்தானே. அவரைப் பிடிச்சுத் தடுக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. கொளுத்தக் கூடாதுன்னு சொல்ற படிப்பும் கிடையாது. ஒண்ணுதான் தோணுச்சு. பயத்துல ஒரு பொருளை அழிச்சுட்டா, அப்புறம் பயம் பொய்யின்னு தெரிஞ்சாலும் பொருள் வராது.

"கட்டை என்ன செஞ்சுதுண்ணே? கட்டையில கண்ணு ரெண்டும் நேராத்தான் இருக்கு, பாருங்க. ஒங்களுக்கு மனசு கேக்கலன்னா அந்த முளையை மட்டும் உருவிக்கிட்டுப் போங்க. ஒங்ககிட்டயே இருக்கட்டும். அது இல்லாம யாரும் திருப்ப முடியாது. மொதல்ல புள்ளைய நர்ஸம்மாகிட்ட காட்டுங்க. அவங்க ஏதாவது சொன்னா, நானே வந்து கொளுத்தறேன்."

நெருப்புப் பக்கத்துல அப்படியே நின்னார். கட்டை கையில இருக்கு. என் ஆயுசுல அவ்வளவு நீளமா நான் பேசினதே இல்ல. அப்புறம் மெதுவா உக்காந்து முளையை உருவி, வெத்தலைப் பையில போட்டுக்கிட்டார். கட்டையை என் மடியில வச்சுட்டு எழுந்து போனார்.

நர்ஸம்மா பிள்ளையைப் பார்த்துட்டுச் சொன்னாங்களாம். "பச்சப் புள்ளைங்களுக்குக் கண்ணு இப்படித்தான் அலையும். மூணு நாலு மாசத்துல நெலைக்கும். நெலைக்கலன்னா கூட்டிட்டு வாங்க, டாக்டர்கிட்ட காட்டுவோம். இப்ப பயப்பட ஒண்ணும் இல்ல." செல்வி சிரிச்சாளாம். அவர் சிரிக்கல. நாலு மாசம் போகணுமே.

அதுக்குள்ள அந்தப் படத்தைப் பார்த்தவங்க நாலஞ்சு பேர் எனக்கும் ஒண்ணு வேணும்னு கேட்டு வந்தாங்க. பட்டறை முதலாளி கேட்டார், சார் போன் பண்ணினார். கண்ணு வெளியூர் போயிருக்கு, வரட்டும்னு சொன்னேன். கேட்டவங்க எனக்கு மூளை குழம்பிடுச்சுன்னு நெனச்சிருப்பாங்க. நெனைக்கட்டும். முளையை வேற ஆளை வச்சுச் செய்யலாம்னு பசங்க சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன். அவர் பயம் தீராம அந்தக் கட்டையில நாங்க கை வச்சா, அப்புறம் அவர் இந்தப் பட்டறையில உளியே தொட மாட்டார்னு எனக்குத் தெரியும்.

வெங்காயம் எடுக்கிற சமயம்னு ஞாபகம். ஆசாரி பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வந்தார். என் முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சார். பிள்ளை என்னைப் பார்த்துச்சு. ரெண்டு கண்ணும் குத்தின மாதிரி நேரா. பிள்ளையை என்கிட்ட குடுத்துட்டு, வெத்தலைப் பையில இருந்து முளையை எடுத்து ஊதித் துடைச்சு, கட்டையில செருகினார். என்னைத் திருப்பச் சொல்லல. அவரே திருப்பினார்.

"போடு தங்கச்சி."

பிள்ளையை அவர்கிட்ட குடுத்துட்டுச் சாயம் பூசித் தேய்ச்சேன். ஈரத் தாளை உரிச்சுத் தூக்கிக் காட்டினேன். பிள்ளை அந்த மூஞ்சியைப் பார்த்துச்சு. உதடு பிதுங்குச்சு. அப்புறம் ஊரே திரும்புற மாதிரி வீல்னு அழுதுச்சு. ஆசாரிக்கு அப்படி ஒரு சிரிப்பு, கண்ணுல தண்ணி வர வர.

"பாத்துட்டான் தங்கச்சி! நல்லாப் பாத்துட்டான்!"

அவ்வளவுதான் பிள்ளைங்களா. அப்புறம் எத்தனையோ நாடகப் படம் வந்துச்சு, போச்சு. பொண்ணு வேஷக்காரன் படத்துல நெத்தியில ஊதாத் துணி இருக்கும், அது வேஷத்தோட சேர்ந்தது, அதை அழுக்குன்னு யாரும் வெளுத்துடாதீங்க. தப்புன்னு தோணுறதைத் திருத்துறதுக்கு முன்னாடி, போட்டவன் வேணும்னே போட்டானான்னு கேளுங்க. பயமா இருந்தா எதையும் அழிக்காதீங்க, எடுத்து ஓரமா வைங்க.

ஒண்ணு மட்டும் யாராவது சரிபார்த்துடுங்க. முளை இருக்கிறது வலது கண்ணா, இடது கண்ணான்னு எனக்குக் குழம்பிப் போச்சு. கட்டையில ஒரு பக்கம், தாள்ல மறு பக்கம் இல்லையா, எழுதும்போது எது எதுன்னு நிக்கல. அதனாலதான் வலது, இடதுன்னு சொல்லாம விட்டிருக்கேன். கட்டை அலமாரியில இருக்கு, எடுத்துப் பாருங்க. நர்ஸம்மா சொன்னது மூணு மாசமா, நாலு மாசமான்னு செல்விகிட்டயும், அந்த நாடகத்தோட பேரை அரியலூர் சார்கிட்டயும் கேட்டு, தப்பா இருக்கிறதை அடிச்சுட்டு, விட்டுப்போனதை எழுதிடுங்க.